மாடிக்கு விட்ட கம்பி

மொட்டை மாடியில் கம்பி துருத்திக்கொண்டு நிற்கும் வீட்டைப் பார்த்தாலே எனக்கு இப்போதெல்லாம் குமட்டுகிறது. கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி ஆரம்பாக்கத்தில் இறங்குவதற்குள் எத்தனை வீடு! கையில் ஒரு பிளாஸ்டிக் கவரை வைத்துக்கொண்டுதான் ஜன்னலோரம் உட்கார வேண்டும். எங்கள் பக்கத்தில் கம்பி விடாமல் யாரும் தளம் போடுவதில்லை. தூணுக்குள் ஓடும் கம்பியைத் தளத்துக்கு மேலேயும் ஒரு முழம் நீளமாக விட்டு, மழையில் துருப்பிடிக்காமல் இருக்கத் தலையில் காலி பாட்டிலைக் கவிழ்த்து வைப்பார்கள். பின்னால் மாடி எடுக்கும்போது அந்தக் கம்பியோடு கம்பி சேர்த்துக் கட்டிக்கொண்டு போகலாம் என்று கணக்கு. பெண் கேட்டு வருகிறவன் அண்ணாந்து பார்த்தால், "மாடி எடுக்கப் போறாங்க போலக்குதே" என்று ஒரு மரியாதையும் கிடைக்கும். மாடி வருகிறதோ இல்லையோ, கம்பி நிற்கும்.

என் அண்ணன் சாம்சன் வீட்டு மாடியிலும் நின்றது. அது எனக்கென்று விட்ட கம்பி.

அந்த இடம் எங்கள் அம்மா பேரில் அரசாங்கம் கொடுத்த மூன்று சென்ட் மனை. அம்மா போன பிறகு அதில் தளம் போட்ட வீடு கட்டப் போவதாக அண்ணன் சொன்னான். மூன்று சென்டை இரண்டாகக் கிழித்தால் ஆளுக்கு ஒரு கோழிக்கூடுதான் கட்டலாம், அதனால் நீ உன் பாகத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடு, கீழே நான், மேலே நீ என்றான். பத்திர ஆபீஸ் வாசலில் வைத்தே சொன்னான்.

"உனுக்கு மாடிக்குக் கம்பி வுட்டுட்றேன் ஷைனி. உன் கைல எப்ப டப்பு வருதோ அப்ப கட்டிக்க. நான் இன்னா ஓடியா பூடப் போறேன்?"

என் வீட்டுக்காரர் அன்புராஜ் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். சண்டை வரும் போலத் தெரிந்தாலே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிற மனுஷன். அண்ணன் தங்கச்சிக்குள் என்ன எழுத்து வேண்டியிருக்கிறது என்று அவரும் சொல்லிவிட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் ஒன்று கேட்டேன். அஸ்திவாரம் போடுவதற்கு முன் ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரை வைத்து டிசைன் வாங்க வேண்டும் என்றேன்.

இது ஒன்றும் பெரிய படிப்பு படித்து வந்த யோசனை இல்லை. நான் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். அங்கே சரக்குத் தூக்கும் சங்கிலியில்கூட இவ்வளவு எடைதான் தாங்கும் என்று ஒரு தகடு தொங்கும். தகடு இல்லாத சங்கிலியை எவனும் தொட மாட்டான். இரும்புச் சங்கிலிக்கே அப்படி. ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் இன்னொரு குடும்பம் சமைத்துத் தின்று தூங்கப் போகிற வீட்டுக்கு, இது தாங்கும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல வேண்டாமா?

எங்கள் கம்பெனி ஷெட்டுக்கு டிசைன் போட்டவர் திருவள்ளூரைச் சேர்ந்த ஸ்ரீவாணி மேடம். நான்தான் அவர் நம்பரை அண்ணனிடம் கொடுத்தேன். மண்ணைச் சோதித்து, அஸ்திவாரம், தூண், கம்பி எல்லாவற்றுக்கும் வரைபடம் போட்டுக் கொடுக்க முப்பதாயிரம் என்று சொல்லியிருக்கிறார். போனை வைத்துவிட்டு அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"நாலு கோடு இழுக்க முப்பதாயிரமா! சுண்டக்கா கால் பணம், சொமகூலி முக்கால் பணம்ன்னு ஆய்டும். நம்ம பாக்கியராஜ் மேஸ்திரி இந்த ஏரியாவுல எத்தினி ஊடு கட்டிக்கிறான். ஒண்ணாச்சும் உழுந்துச்சா?"

"உழுந்தா யாருணா பொறுப்பு? பாதி நான் தரேன். அவங்களயே வெச்சி செய்."

பாதி என்றதும் அவன் முகம் மாறியது. என் ஆசையை ஏன் கெடுக்க வேண்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லி, பதினைந்தாயிரத்தை வாங்கிக்கொண்டான்.

வீடு எழும்பியது. எழும்பிய அழகைச் சொல்ல வேண்டும். நுழைகிற இடத்தில் இரும்பு கேட், அதன் மேல் இரண்டு தங்க நிறச் சிங்கங்கள். எங்கள் தெருவில் அதற்கு முன் சிங்கத்துக்கு வேலை இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. முகப்பு முழுக்க வழுக்கும் டைல்ஸ், அதில் மூன்று நிறம், மூன்றும் ஒன்றோடொன்று பேசாத நிறம். வாசலில் பைபிள் வசனம் பொறித்த கிரானைட். வரவேற்பறைக் கூரையில் தாமரை வடிவில் ஒரு பிளாஸ்டர் வேலை, அதற்குள் நீலம், பச்சை என மாறி மாறி எரியும் விளக்கு. அந்த விளக்கின் கீழ் உட்கார்ந்தால் மனுஷன் மூஞ்சி செத்த மூஞ்சியாகத் தெரியும். எஞ்சினியர் வந்தாரா என்று நான் கேட்கும்போதெல்லாம், "வந்தாங்க, பாத்தாங்க, எல்லாம் பக்கா" என்று ஒரே பதில்.

புதுமனைப் புகுவிழாவுக்கு வீட்டைவிட உயரமாக ஒரு பேனர். அதில் அண்ணன் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு போன் பேசுகிறான். அண்ணி ஹெலன் கைகூப்புகிறாள். கீழ் வரிசையில் தபால் தலை அளவுக்கு நான். மேலே மாடியில், வீட்டின் நான்கு மூலையிலும் நடுவிலுமாகச் சின்னச் சின்ன சிமெண்ட் மேடை, ஒவ்வொன்றிலும் நாலு கம்பி, தலையில் கவிழ்த்த பாட்டில். அண்ணன் என் தோளில் கை போட்டு அதைக் காட்டினான்.

"பாத்துக்க. உன் ஊடு நிக்குது."

நம்பினேன். வயிறு நிறைய நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவன் வீட்டுக்குப் போனால் முதலில் மாடிக்குத்தான் ஏறுவேன். கிழக்கு மூலைக் கம்பிக்குப் பக்கத்தில் சமையல்கட்டு. ஏரிக் காற்று வரும் பக்கம் படுக்கை. அண்ணி அந்தக் கம்பிகளுக்கு இடையே கொடி கட்டித் துணி காயப்போட்டால் எனக்குப் பொறுக்காது.

"அண்ணி, அது என் தூணு. ஈரத்துணிய போடாத, துரு புடிக்கும்."

அண்ணன் மகள் பிரின்சி விழுந்து விழுந்து சிரிப்பாள். "அத்த, உன் பெட்ரூம்ல எங்கப்பா லுங்கி காயுது" என்பாள். அவள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். என் மாடியில் அவளுக்கும் ஒரு மேசை போட இடம் வைத்திருந்தேன்.

நாங்கள் கும்மிடிப்பூண்டியில் இருந்த வாடகை வீட்டை, வீட்டு ஓனர் தன் மகனுக்கு வேண்டுமென்று காலி செய்யச் சொன்னபோது, இதுதான் நேரம் என்று வங்கியில் வீட்டுக் கடன் கேட்டேன். இருக்கிற வீட்டின் மேல் மாடி எடுப்பதென்றால், கீழ்க் கட்டடம் தாங்கும் என்று எஞ்சினியர் சர்டிபிகேட் கொண்டு வாருங்கள் என்றார்கள். அண்ணனிடம் சொன்னேன்.

"இதுக்கு இன்னாத்துக்கு பேஜாரு? ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துல ஒருத்தன் ஒக்காந்துகினுகிறான். ரெண்டாயிரம் குடுத்தா சீல் குத்திக் குடுத்துடுவான். ஊட்டக்கூட வந்து பாக்க மாட்டான்."

பார்க்காமல் கொடுப்பான் என்பதை ஒரு சிறப்பாகச் சொன்னான் பாருங்கள். நான் நேரே ஸ்ரீவாணி மேடத்துக்கே போன் போட்டேன். அவர்தான் டிசைன் போட்டவர், அவருக்கே எல்லாம் தெரியும், வேலை சுலபமாக முடியும் என்று நினைத்தேன்.

"ஆரம்பாக்கம் சாம்சன் ஊடு மேடம். அம்மா மனைல கட்டுனது. நீங்கதான் டிசைன் போட்டீங்க."



"இல்லம்மா. அப்போ ஃபீஸ் கேட்டாங்க, சொன்னேன். அதுக்கப்புறம் யாரும் கூப்பிடலை. நான் அந்த சைட்டுக்கு வந்ததே இல்லை."

அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். வேறு ஆளை வைத்துப் பார்த்ததாகச் சொன்னான். யார் என்றேன். பேர் ஞாபகமில்லை என்றான். என் பதினைந்தாயிரம் என்று ஆரம்பித்தேன். மில்லில் ஷிப்டு சைரன் ஊதுகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

திரும்பவும் ஸ்ரீவாணி மேடத்திடமே பேசினேன். கட்டின வீட்டைச் சோதித்து எழுதிக் கொடுக்கப் பதினெட்டாயிரம் என்றார். நான் பேரம் பேசவில்லை. அவரே ஒரு வார்த்தை சொன்னார்.

"முன்னாடியே சொல்லிடறேன். நான் சோதிச்சுப் பார்க்கத்தான் பணம் வாங்கறேன். மாடி கட்டலாம்னு எழுதறதுக்கு இல்லை. கட்டக்கூடாதுன்னு வந்தாலும் இதே ஃபீஸ்தான்."

அது எனக்குப் பிடித்திருந்தது. அண்ணன் வீட்டில் யாருமே என்னிடம் அப்படி நேராகப் பேசியதில்லை.

அவர் வந்த அன்று, வீட்டைக் கட்டினவனும் கூட இருக்கட்டும் என்று பாக்கியராஜ் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். நேற்றுவரை திடமாக இருந்தவனுக்குத் திடீரென்று ஜுரம். அண்ணன் மட்டும் வேலைக்குப் போகாமல் கேட்டில் சாய்ந்துகொண்டு நின்றான், சிங்கத்தோடு சிங்கமாக. மேடம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், பின்னால் கடப்பாரையும் உளியுமாக ஒரு ஆள். நாற்பது வயதிருக்கும். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். டீ குடிக்கிறீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டு, அவர் வேண்டாம் என்றால், அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? அந்த யோசனையில் நான் நின்றுகொண்டிருக்கும்போதே, "ஒரு டீ கிடைக்குமா? வெயில் தாங்கலை" என்று அவரே கேட்டுவிட்டார். பிரின்சி உள்ளே ஓடினாள்.

அவரிடம் டார்ச் அளவுக்கு ஒரு கருவி இருந்தது. சுவருக்குள் இரும்பு இருந்தால் அது கத்தும். முதலில் கேட்டின் மேல் வைத்துக் காட்டினார், கத்தியது. பிறகு வரவேற்பறை மூலையில், மேலே கம்பி நிற்கிற இடத்துக்கு நேர் கீழே, சுவரில் வைத்து மேலிருந்து கீழாக இழுத்தார். சத்தமில்லை. பக்கவாட்டில் இழுத்தார். சத்தமில்லை. அடுத்த மூலைக்குப் போனார். அதற்கடுத்த மூலை. சமையலறை. படுக்கையறை. நாங்கள் எல்லோரும் அவர் பின்னாலேயே போனோம். தூண் இருக்க வேண்டிய எந்த இடத்திலும் அந்தக் கருவி வாயைத் திறக்கவே இல்லை.

"பேட்டரி தீர்ந்து பூட்டுக்கும்" என்றான் அண்ணன்.

மேடம் திரும்பவும் போய் கேட்டின் மேல் வைத்தார். சிங்கம் வீறிட்டது.

பிறகு அவரோடு வந்த ஆள் வெளி மூலையில் குழி தோண்டினான். முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை, அஸ்திவாரம் முடிந்து களிமண் வந்துவிட்டது. மழை முடிந்து இத்தனை மாதமாகியும் அந்த மண் ஈரமாக, கையில் அப்பிக்கொள்கிற மாதிரி இருந்தது. மேடம் அதை விரலால் உருட்டிப் பார்த்தார், எழுந்தார், எங்களோடு மாடிக்கு ஏறினார்.

மாடியில் கம்பியருகே கருவியைக் கொண்டுபோனதும் அது அலறியது. அவர் குனிந்து அந்தச் சிமெண்ட் மேடையைத் தட்டினார். அந்த ஆளிடம், "இதோட ஓரத்துல மட்டும் மெதுவா கொத்துங்க, தளத்துல பட வேண்டாம்" என்றார். அவன் உளியை வைத்து இரண்டு அடி அடித்தான். மேடை தூள் தூளாக உதிர்ந்தது. சிமெண்ட் குறைத்து மணல் கூட்டிப் பிசைந்த கலவை. கம்பி ஆடியது. ஆடிக்கொண்டு நின்ற கம்பியை நான் பிடித்து இழுத்தேன்.

வந்துவிட்டது. முள்ளங்கியைப் பிடுங்குவது போல வந்துவிட்டது.

ஒன்றரை முழத் துண்டு. கீழே தூணும் இல்லை, தூணுக்குள் கம்பியும் இல்லை. தளம் போட்டு முடித்த பிறகு, மேலே சும்மா ஒரு கலவைக் கட்டியை உருட்டி வைத்து, அதில் நாலு துண்டுக் கம்பியைச் செருகி விட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி செருகுவார்களே, அது போல. என் அண்ணன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி மில்லில் வேலை செய்கிறான். கம்பியை அளவுக்கு வெட்டிய பிறகு விழுகிற முனைத் துண்டுகள் அங்கே பழைய இரும்பாகப் போகும். அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வருவது அவனுக்குப் பெரிய காரியமில்லை.

"இந்த வீட்டுல தூணே இல்லம்மா" என்றார் மேடம். "வெறும் செங்கல் சுவர். செங்கல் சுவர் மேல மாடி கட்டவே கூடாதுன்னு இல்லை. ஆனா இந்த மண்ணுல, இந்த அஸ்திவாரத்துக்கு மேல கூடாது. கட்டினா மேல இருக்கறவங்களுக்கும் ஆபத்து, கீழ இருக்கறவங்களுக்கும் ஆபத்து."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் வெட்கப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அந்த எதிர்பார்ப்புக்கே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"இப்ப இன்னா ஆய்ப்போச்சி? தகர ஷீட்டு போட்டுக்க. வெயிட்டே இல்ல. காத்தோட்டமா இருக்கும்."

"என் பாகத்த எழுதி வாங்கிக்கினு, என் கையிலயே எஞ்சினியருக்குனு காசு வாங்கிக்கினு, குச்சிய நட்டு வெச்சி ஏமாத்திக்கிறியே. இத்தினி வருசம் இத்தப் பாத்து பாத்து நான் பூரிச்சிகினு இருந்தேனே. உனுக்கு மனசாட்சினு ஒண்ணு கீதா?"

"கம்பி வுடறன்னு தானே சொன்னேன். வுட்டேனா இல்லியா?"

ஹெலன் அண்ணிக்கு உடைந்த மேடையைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது. தளத்தில் தண்ணீர் இறங்கினால் தாமரை விளக்கு பாழாகிவிடுமே என்றாள். நான் தனியாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியருகே நின்றுகொண்டேன். அழுகை வரவில்லை. வாயில் ஒரு கசப்புதான் ஊறிக்கொண்டே இருந்தது. அங்கே நின்றபோது அண்ணன் மேடத்தின் அருகே நெருங்கி, குரலைத் தாழ்த்திப் பேசுவது கேட்டது.

"மேடம், உங்க ஃபீஸுக்கு மேல ஒரு அஞ்சு சேத்து வாங்கிக்கங்க. தாங்கும்னு ஒரு வரி எழுதிக் குட்த்துடுங்க. பேங்கு லோன் குட்த்துடுவான், தங்கச்சி கட்டிக்கும். குடும்பத்துல சண்ட எதுக்கு?"

நான் கேட்டதிலேயே மிகவும் அருவருப்பானது அதுதான். பதினைந்தாயிரம் தின்றது திருட்டு. துண்டுக் கம்பி செருகியது பித்தலாட்டம். இது என்ன? என்னையும் என் புருஷனையும் மேலே ஏற்றி, தன் பெண்டாட்டியையும் பெற்ற பெண்ணையும் அதற்குக் கீழே படுக்க வைத்துத் தானும் படுக்க ஒருவன் தயாராக இருக்கிறான். எதற்கு? பொய் சொன்னேன் என்று ஒரு முறை வாயால் ஒப்புக்கொள்வதைத் தவிர்ப்பதற்கு.

மேடம் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து, ரிப்போர்ட்டை இரண்டு நாளில் அனுப்புவதாகச் சொன்னார். நான் பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"கூடாதுனு சொல்றதுக்கு பதினெட்டாயிரமா?" என்றான் அண்ணன்.

"கட்டிட்டு இடிக்கறதுக்கு எவ்வளவு ஆகும்னு கேளுங்க, அதையும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மேடம் படியிறங்கினார்.

என் பாகத்தைத் திருப்பி எழுதிக் கொடு என்று கேட்டேன். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை வைத்தும் கேட்டேன். நீ மனதாரப் போட்ட கையெழுத்து என்று அண்ணன் காகிதத்தைத் தூக்கிக் காட்டினான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்? நாங்கள் முன்னிருந்ததைவிடச் சின்னதாக, லைன் வீடு ஒன்றில் குடியேறினோம். குளியலறை நான்கு குடித்தனத்துக்குப் பொது. அன்புராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்வந்தார்.

சில வருடம் கழித்துப் பிரின்சிக்கு நிச்சயதார்த்தம் வைத்தபோது நான் போவதாக இல்லை. பிரின்சியே நேரில் வந்தாள். சிப்காட்டில் வேலைக்குப் போகிற பெண்ணாக வளர்ந்துவிட்டிருந்தாள்.

"அப்பாவுக்காக வராத. எனுக்காக வா. அத்த தட்டு நீதான் வெக்கணும்."

பெண்ணின் அப்பாவோடு பிறந்தவள் சீர்த்தட்டு வைக்காமல் எங்களில் நிச்சயம் நடக்காது. புடவை, பூ, பழம் எல்லாம் அடுக்கித் தட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

மாடியில்தான் விழா. சாமியானா போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஏறியவுடன் நான் பார்த்தது கம்பியைத்தான். மூலைக்கு நாலு, நடுவில் நாலு, ஒன்று குறையாமல் நின்றன. நான் பிடுங்கிய கிழக்கு மூலையிலும் புது மேடை, இன்னும் சாம்பல் நிறம் மாறாத சிமெண்ட். பாட்டிலுக்குப் பதில் இந்த முறை ஒவ்வொரு கம்பியிலும் ஒரு பலூன் கட்டியிருந்தார்கள். அப்படியே திரும்பிப் போய்விடத்தான் நினைத்தேன். பிரின்சி முகத்துக்காகத் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பாஸ்டர் ஜெபம் செய்து முடித்தார். மாப்பிள்ளை வீட்டார் கவரைப்பேட்டைக்காரர்கள். மாப்பிள்ளையின் அப்பா லாரி ஓட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர், பேச்சு அளந்து பேசுகிற மனுஷன். அவர் சுற்றிப் பார்த்து, மாடி எடுக்கப் போகிறீர்களா என்று கேட்டார்.

அண்ணன் எழுந்து நின்றான். கம்பியை நோக்கிக் கையை நீட்டினான்.

"உங்க புள்ளைக்கும் எங்க பொண்ணுக்கும்தான், சம்பந்தி. கம்பி வுட்டு ரெடியா வெச்சிக்கிறேன். டப்பு வந்தா கட்டிக்க வேண்டியதுதான்."

அதே கை. அதே குரல். என் தோளில் விழுந்த கை அது.

"உங்க தங்கச்சிக்கு இந்த இடத்துல பங்கு கீதுனு கேள்விப்பட்டேனே" என்றார் அவர்.

"அவங்களுக்குத்தான் மாடினு பேச்சு" என்றாள் ஹெலன் அண்ணி. "புள்ளைங்க நல்லா இருக்கட்டும்னு அவங்களே வேணான்னுட்டாங்க. பெரிய மனசு."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பாஸ்டர் கைதட்டினார். கூட்டமும் தட்டியது. பிரின்சி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள், அவளுக்குத் தெரியும், அன்றைக்கு அவளும் மாடியில் நின்றவள்.

மாப்பிள்ளையின் அப்பா தலையாட்டிக்கொண்டார். "அப்ப செரி. கவரப்பேட்டைல எங்க எடம் ஒண்ணு சும்மா கெடக்குது. அத்த வித்துட்டு அந்தப் பணத்துல இங்க மாடி எடுத்துட்லாம்."

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

"ஐயா, எடத்த விக்காதீங்க" என்றேன். "நான் வேணான்னு சொல்லல. இந்த ஊடுதான் தாங்காதுனுச்சி."

"ஷைனி, சும்மா ஒக்காரு" என்றான் அண்ணன்.

நான் கிழக்கு மூலைக்குப் போனேன். கம்பியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினேன். புதுக் கலவை, இன்னும் சரியாக இறுகவில்லை. இரண்டாவது ஆட்டில் பலூனோடு கையில் வந்தது. கொண்டுவந்து என் சீர்த்தட்டில், வாழைப்பழச் சீப்புக்கும் புடவைக்கும் நடுவில் வைத்தேன். சிவப்புப் பலூன் தட்டுக்கு மேல் ஆடிக்கொண்டு நின்றது.

"எங்க அண்ணன் எனுக்கு வெச்ச சீரு இது. அதையே உங்களுக்கும் வெக்கப் பாத்தாரு."

மாப்பிள்ளையின் அப்பா அந்தக் கம்பியைக் கையில் எடுத்தார். முனையில் ஒட்டியிருந்த சிமெண்டைக் கட்டைவிரலால் தேய்த்தார், மாவாக உதிர்ந்தது. எழுந்து போய் இன்னொரு கம்பியைத் தானே ஆட்டிப் பார்த்தார். அதுவும் ஆடியது. திரும்பி வந்து, கையிலிருந்த கம்பியைத் தட்டில் வைத்துவிட்டு, இது உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். எஞ்சினியரை வைத்துப் பார்த்ததைச் சொன்னேன்.

"எவ்ளோ வாங்குனாங்க?"

"பதினெட்டாயிரம்."

"சல்லிசுமா" என்றார். "என் எடம் பொழச்சிச்சி."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் அவனைப் பார்க்காமலே பேசினார். "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிக்குது. கல்யாணம் நடக்கும். மாடிப் பேச்ச மட்டும் இனிமே எங்கிட்ட எடுக்காதீங்க."

அண்ணன் உட்கார்ந்துவிட்டான். பிறகு என்ன செய்தான் தெரியுமா? குனிந்து, தட்டிலிருந்த கம்பியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய், அந்த ஓட்டையிலேயே திரும்பச் செருகி, சாயாமல் நிற்கிறதா என்று பார்த்தான்.

நானும் பார்த்தேன். அங்கேதான் என் சமையல்கட்டு வருவதாக இருந்தது.